கிளாக்கர் வீட்டு இரண்டு தபாலட்டைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷம், தைப்பொங்கலுக்கு மறுநாள், காளிதாஸ் ஒரு சபதம் எடுத்தார். வருஷம் முடிவதற்குள் தம்முடைய பெயர் பேப்பரில் வந்தாக வேண்டும். மரண அறிவித்தலில் அல்ல. அதற்குச் சபதம் தேவையில்லை. அது அவரவர் முறைக்குத் தானாக வரும்.

காளிதாஸ் நிவித்திகலைக்கு மேலே மொறவத்தைத் தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் கிளாக்கர். இன்றைக்கு யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் பதிகிற உத்தியோகம். அதற்கு உலக ஞானம் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் தம்மிடம் அது பொங்கி வழிகிறது என்று காளிதாஸ் நம்பினார். முன்னால் இருந்த கிளாக்கர் மாற்றலாகிப் போனபோது, கறையானுக்கு விட்டுவிட்டுப் போன ஒரு பொது அறிவுப் புத்தகம் இவர் கையில் சிக்கியது. அதற்கு மேலட்டை இல்லை. எந்த வருஷத்தில் அச்சடித்தது என்று சொல்லும் பக்கமும் இல்லை. அது வந்த நாளிலிருந்து தோட்டத்தில் லீவு கேட்கப் போகிறவர்களுக்கு நிம்மதியும் இல்லை.

"ஐயா, மகளுக்குக் காய்ச்சலுங்க. நாளைக்கு ஒரு நாளு..."

"காய்ச்சல் இருக்கட்டும். உலகத்திலேயே நீளமான ஆறு எது?"

"தெரியாதுங்களே."

"இது தெரியாம நீயெல்லாம் எப்புடிய்யா பிள்ளை வளக்கிற?"

இப்படிக் கேட்ட மகான் தூரப் பயணம் போனது இரண்டே தடவை. இரண்டும் கதிர்காமத்துக்கு. அதில் ஒரு தடவை பஸ்ஸில் வாந்தி எடுத்தபடியே போய் வந்ததால் வழியில் ஒன்றையும் பார்க்கவில்லை. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. காளிதாஸ் அந்தக் குதிரையிலேயே ஆபிரிக்கா வரை போய்த் திரும்பியவர் போல நடந்துகொண்டார்.

கொழும்பிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒன்றில் 'உலகை அறிவோம்' என்று ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்குப் பத்துக் கேள்வி. பேப்பர் திங்கட்கிழமை தபால் பையில் தோட்டத்துக்கு வரும். விடைகளைத் தபாலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டைதான். பத்தும் சரியாக எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் அச்சில் போடுவார்கள். காளிதாஸ் ஐந்து மாதம் விடாமல் எழுதினார். ஏழு சரி வந்தது. ஆறு வந்தது. ஒரு தடவை எட்டு வந்தது. தம்முடைய விடை பிழை என்று பேப்பர் சொல்லும்போதெல்லாம், "அச்சுப் பிழை" என்று அவர் பேப்பரைத் திருத்தினார்.

அவருடைய மனைவி பஞ்சவர்ணம் எஸ்.எஸ்.ஸி. பாஸ். காளிதாஸ் எட்டாம் வகுப்பு. எட்டை ஒரு தடவை படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தாருக்குப் பொறுமை இல்லை. இந்த விஷயம் வீட்டுக்குள் பேசக் கூடாத விஷயம். அதனால் பேச்சு வேறு வழியாக வரும்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கந்தையா வாத்தியார் ஒருவர்தான். ஐந்து வகுப்பு, நூற்றிருபது பிள்ளைகள். மனிதர் ஒரு வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொண்டே இன்னொரு வகுப்பைப் பிரம்பால் தட்டிக்கொண்டு, மூன்றாவது வகுப்பு கொய்யா மரத்தில் ஏறுவதைப் பார்த்தும் பார்க்காமல் காலம் தள்ளினார். அந்த வருஷம் மாசியில் உதவிக்கு ஒரு டீச்சர் எடுக்கத் தோட்டத் துரை சம்மதித்தார். ஸ்டாஃப் வீட்டுப் பெண்களில் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கணவர் கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சவர்ணம் அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். அது அன்றைக்கே காளிதாஸின் மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்துவிட்டது.

"என்னாங்க, அந்த அப்ளிகேசன்ல ஒரு கையெழுத்துப் போடுங்களேன். வருசக் கடைசிக்குள்ள அனுப்பணுமாம்."

"நீ பள்ளிக்கூடத்துல என்னத்தைப் படிச்சுக் குடுக்கப் போற?"

"எழுத்து, கணக்கு, பூமிசாஸ்திரம்..."

"பூமிசாஸ்திரமா?" காளிதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ புள்ள, ஒனக்குத் தெரிஞ்ச பூமி அடுப்படியிலிருந்து தண்ணி புடிக்கிற பீலிக்கரை வரைக்கும்!"

"படிச்சிருக்கேங்க."

"படிச்ச. யாரு இல்லைன்னா? கலியாணத்துக்கு முந்தி படிச்ச. அதெல்லாம் இந்நேரம் காலாவதி."

"அப்ப நான் புதுசா என்ன செஞ்சு காட்டணும்?"

"இந்தப் போட்டியில பத்துக்குப் பத்து எடு. ஒரு தரம் எடுத்தா காக்கா குந்தப் பனம்பழம் விழுந்த கதையாயிரும். நாலு வாரம் தொடர்ந்தாப்ல எடு. நானே பேனாவைத் தொறந்து கையெழுத்துப் போடுறேன்."

பஞ்சவர்ணம் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத நேரங்களைக் காளிதாஸ் தம்முடைய வெற்றிகள் என்று பதினொரு வருஷமாகக் கணக்கு வைத்திருந்தார்.

அந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றிரண்டில் அவருக்குச் சந்தேகம். இதுவா அதுவா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது யோசனை ஒன்று உதித்தது. இதைத் தம் பெயரிலும் அதை மனைவி பெயரிலும் அனுப்பினால்? எது சரியோ அது ஜெயிக்கும். ஜெயித்தது மனைவி பெயரானால்? ஆகட்டுமே!

இதில் அவருக்குத் தயக்கமே வராததற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் பெண்கள் மலையேறிக் கொழுந்து பறிப்பார்கள். செக்ரோலில் அவர்களுடைய பெயர் இருக்கும். சம்பள நாளில் மேசைக்கு முன்னால் வந்து கையை நீட்டுகிறவன் புருஷன். பதினைந்து வருஷமாக அந்தப் பெயர்களைக் கூப்பிட்டவர் காளிதாஸ். "மாரியாயி!" என்று கூப்பிட்டால் முறுக்கிய மீசையோடு ஒருவன் வந்து நிற்பான். "பேச்சியம்மா!" என்றால் தாடியோடு ஒருவன். பெயர் அவளுடையது, கை இவனுடையது. உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்தார். புத்தகத்தில் இதற்கு மாறாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு அட்டையும் ஒரே கையெழுத்தில் போனால் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே தம்முடையதை வழக்கம்போல முதலிலேயே எழுதி முடித்தார். மற்றதை எழுத மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"மூணாவது. பிரேசில் தலைநகரம். ரியோ டி ஜெனீரோ."

"அப்படீங்களா?"

"என்னா அப்படீங்களா? புத்தகத்துல இருக்கு! எழுது. நாலாவது, ஒக்டோபஸுக்கு இதயம் எத்தனை? ஒண்ணுங்கிறான், மூணுங்கிறான். மூணு இதயத்தை வச்சுக்கிட்டு அது என்னா செய்யும்? நான் ஒண்ணுன்னு எழுதிட்டேன். நீ மூணுன்னு போடு. பாவம், ஒன் பங்குக்கு அது கெடக்கட்டும்."

"சரிங்க."

பஞ்சவர்ணம் எழுதினாள். அவர் சொன்னதில் சரியானதை மட்டும் எழுதினாள். மற்ற இடங்களில் தனக்குத் தெரிந்ததை எழுதினாள். பிரேசில்காரர்கள் தலைநகரத்தை மாற்றிக் குடிபோய் ஒன்பது வருஷமாகிறது என்று அவளுக்குத் தெரியும். கடையில் பருப்புச் சுற்றித் தந்த பேப்பரைக்கூட நீவி விரித்துப் படித்துவிட்டுத்தான் அவள் அடுப்பில் வைப்பாள். காளிதாஸுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அவர் கண்ணைத் திறந்து அட்டையைப் பார்க்கவும் இல்லை. மனைவி எழுதியதைச் சரிபார்ப்பது அவருடைய அந்தஸ்துக்குக் குறைவு.

அட்டை போன மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, நிவித்திகல பஜாரில் ஜவுளிக்கடை அஸீஸ் நானா கடையை விட்டு இறங்கி ஓடிவந்தார்.

"கிளாக்கர்! பேப்பர் பாத்தீங்களா? ஒங்கட பொஞ்சாதிட பேரு வந்தீக்கிது! பத்துக்குப் பத்து!"

காளிதாஸ் கிட்டே ஓடினார். "என் பேரு?"

"ஒங்கட பேரும் ஈக்கிது."

"எங்க, எங்க?"

"இந்தா பாருங்க. திருமதி பஞ்சவர்ணம் காளிதாஸ். பின்னால ஈக்கிறது நீங்கதானே?"

சபதம் நிறைவேறிவிட்டது. ஆனால் வால்பக்கமாக நிறைவேறிவிட்டது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை அல்லவா? காளிதாஸ் கனைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது, நானா."

"அப்பிடியா? அப்ப ஒங்கட கார்டுக்கு ஆரு செல்லிக் குடுத்த?"

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. காளிதாஸ் குடையை விரித்துக்கொண்டு வெயிலே இல்லாத தெருவில் நடந்தார்.

வாராவாரம் அவர் சொல்ல, அவள் தனக்குத் தெரிந்ததை எழுத, அடுத்த வாரமும் பஞ்சவர்ணம் பெயர் வந்தது. அதற்கடுத்த வாரமும். நாலாவது வாரம் வந்தபோது தோட்டத்து டிஸ்பென்சர் வீட்டு அம்மா தொடங்கிக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பெண்கள் வரை அவளை நிறுத்தி விசாரித்தார்கள். காளிதாஸ் அதே நாலு வாரத்தில் எட்டு, ஆறு, ஏழு, ஆறு. பேப்பர் ஆபீஸில் பொம்பளைகளுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். அவர் வாழ்நாளில் தாமாகவே கண்டுபிடித்த உலக விஷயம் அது ஒன்றுதான், அதுவும் பிழை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. நாலு வாரம் தொடர்ந்து பத்துக்குப் பத்து எடுத்தவர்களுக்கு இரத்தினபுரியில் மேடைப் போட்டி. முதல் பரிசு ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோ. கடிதத்தைப் படித்து முடிக்குமுன் ரேடியோவை எந்த ஜன்னலில் வைத்தால் பெரிய கிளாக்கர் வீட்டுக்குச் சத்தமாகக் கேட்கும் என்று காளிதாஸ் முடிவுசெய்துவிட்டார். அன்று மாலைக்குள் அந்த ரேடியோவைப் பற்றி அஸீஸ் நானாவிடமும் பெரிய கிளாக்கரிடமும் சொல்லியும் முடித்தார்.

"நாலு வாரம் ஆயிருச்சுங்க" என்று பஞ்சவர்ணம் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"எது ஆயிருச்சு? பேப்பர்ல இருக்கிறது ஒன் பேரு. கார்டுல இருந்தது என் மூளை. பேருக்கு எவனாவது கையெழுத்துப் போடுவானா?"

"அப்ப இரத்தினபுரிக்கு யாரு போறது?"

"நான்தான். ஒன் பேருக்கு நான் போவேன்."

"விடுவாங்களா?"

"ஏன் விடாம? சம்பள நாள்ல மாரியாயி பேருக்கு அவ புருசன் வந்தா நான் விடுறேனா இல்லையா?"

பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "சரிங்க. நானும் கூட வர்றேன். பாத்துட்டு வர்றேன்" என்றாள். விண்ணப்பத்தை லாச்சியில் வைக்காமல் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இரத்தினபுரி மண்டபத்து வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மாவனல்லை மர்லியா டீச்சர். போட்டிக்கு வந்தவர்களின் பெயர்களைப் பதிகிற பொறுப்பு அவருக்கு. காளிதாஸ் கோட்டுப் போட்டு, தலையில் எண்ணெய் மினுங்க, வரிசையில் முன்னேறிப் போய் நின்றார். பஞ்சவர்ணம் பின்னால் நின்றாள்.

"பேரு?"

"பஞ்சவர்ணம்."

டீச்சர் நிமிர்ந்து மீசையைப் பார்த்தார். "நீங்களா?"

"என் சம்சாரங்க. அவ பேருக்கு நான் வந்திருக்கேன். எங்க தோட்டத்துல அப்படித்தான் வழக்கம்."

"தோட்டத்துல சம்பளம் குடுக்கிற. நாங்க இங்க கேள்விதானே கேக்கப் போற? விடை யாருட தலையில ஈக்கோ அவங்கதான் மேடையில ஏறணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். காளிதாஸ் வாயைத் திறந்தார்.

"விடையெல்லாம் என் தலையிலதான் இருக்கு! நான் சொன்னேன், அவ எழுதினா. அவ வெறும் கை!"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒங்கட பேர்லயும் கார்டு வந்தீக்கிதே. ஒரு ஆள் ரெண்டு கார்டு அனுப்பினா ரெண்டு பேரையும் நீக்கிப்போடணும். அதான் விதி."

நாலு வாரம், நாற்பது விடை, கந்தையா வாத்தியாரின் கொய்யா மரத்துப் பிள்ளைகள், எல்லாம் இந்த மனிதரின் ஒரு வாய்ப் பேச்சில் போகப் போகிறது. பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள்.

"டீச்சர், எடுத்த எடுப்பிலே நீக்கிராதீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டயே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அவர் தலையிலதான் இருக்குதுன்னா சொல்லுவார்."

மனைவி இப்படித் தமக்காகப் பரிந்து பேசியதில் காளிதாஸ் குளிர்ந்துபோனார். "கேளுங்க டீச்சர்! எத்தனை வேணும்னாலும் கேளுங்க!"

டீச்சர் பஞ்சவர்ணம் பெயரில் வந்த நாலு அட்டைகளையும் எடுத்து மேசையில் விரித்தார்.

"பிரேசிலுட தலைநகரம்?"

"ரியோ டி ஜெனீரோ!"

"கார்டுல பிரேசிலியான்னு ஈக்கிது. பாகிஸ்தான்?"

"கராச்சி!"

"கார்டுல இஸ்லாமாபாத். அவுஸ்திரேலியா?"

காளிதாஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சிட்னி..."

"கார்டுல கன்பெரா." டீச்சர் அட்டைகளை அடுக்கினார். "ஐயா, ஒங்களுக்கும் இந்தக் கார்டுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நல்லா ஒப்புவிச்சிட்டீங்க."

வரிசையில் ஒருவர் சிரித்தார். அது பின்னால் வரை பரவி, கடைசியில் நின்றவர் என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார். காளிதாஸ் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இவ்வளவு பேருக்கு முன்னால நீங்க ஒரு சந்தேகத்தைக் கிளப்பிட்டீங்க" என்றார் டீச்சர். "எழுத்துல தந்தாத்தான் நான் இவங்கள விட ஏலும்."

எழுதாவிட்டால் ரேடியோ இல்லை. ரேடியோ இல்லாமல் பெரிய கிளாக்கர் முகத்தில் எப்படி விழிப்பது? காளிதாஸ் பேனாவைத் திறந்தார். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினார். 'இந்த நாற்பது விடைகளும் என் மனைவியின் சொந்த விடைகள். இவற்றில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது.' வியர்வையும் மையும் கலந்து ஒரு கையெழுத்து விழுந்தது.

மை காயுமுன் அதன் பக்கத்தில் இன்னொரு தாள் வந்து உட்கார்ந்தது.

"இதுலயும் ஒண்ணு போட்டுருங்க" என்றாள் பஞ்சவர்ணம். "பேனா தொறந்துதானே இருக்கு."

"இது என்ன?" என்று டீச்சர் கேட்டார்.

"பள்ளிக்கூடத்து வேலைக்கு அப்ளிகேசன் டீச்சர். நாலு வாரம் பத்துக்குப் பத்து எடுத்தா கையெழுத்துப் போடுறதா எங்க வீட்டுக்காரர் வாக்குக் குடுத்திருக்கார். எடுத்தேன்னு இப்பத்தான் அவரே எழுதித் தந்தார்."

"நல்ல மனுசன்" என்றார் மர்லியா டீச்சர். "போடுங்க ஐயா. சாட்சிக்கு நானும் போடுறேன்."

வரிசை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு மாதம் லாச்சிக்குள் அடைத்து வைத்த கையெழுத்து ஏழு விநாடியில் வெளியே வந்தது.

மேடையில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு சிலேட், ஒரு சுண்ணக்கட்டி. காளிதாஸ் இரண்டாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் நாலு பேர் கழன்றுவிட்டார்கள். மிஞ்சியது பஞ்சவர்ணமும் பலாங்கொடையிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும். கடைசிக் கேள்வி வந்தது.

"ஒட்டகத்தின் திமிலில் இருப்பது என்ன?"

போஸ்ட்மாஸ்டர் உடனே எழுதினார். பஞ்சவர்ணம் சுண்ணக்கட்டியைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள். பிறகு அவள் கண்கள் மெல்லத் திரும்பிச் சபையைத் தேடி, இரண்டாவது வரிசைக்கு வந்து நின்றன.

காளிதாஸுக்கு மெய்சிலிர்த்தது. வாசலில் பட்டதெல்லாம் மறந்துபோயிற்று. எத்தனைதான் படித்தாலும் ஆபத்து என்று வந்தால் பெண்டாட்டிக்குப் புருஷன்தானே துணை! அக்கம்பக்கம் பார்த்தார். கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய் அண்ணாந்து குடித்துக் காட்டினார். புரியாமல் போய்விடப் போகிறதே என்று தொண்டையை ஏற்றி இறக்கி இரண்டு மிடறு விழுங்கினார். கடைசியில் புறங்கையால் வாயையும் துடைத்துக்கொண்டார். பஞ்சவர்ணம் தலையை அசைத்துவிட்டுக் குனிந்து எழுதினாள்.

சிலேட்டுகள் உயர்ந்தன. போஸ்ட்மாஸ்டர்: தண்ணீர். பஞ்சவர்ணம்: கொழுப்பு.

"பாத்தீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காளிதாஸ் முனகினார். "புருசன் சொல்லைக் கேக்காட்டி இதான் கதி. கையில இருந்த ரேடியோ போச்சு."

அதற்குள் மண்டபம் கைதட்டியது. ரேடியோ பஞ்சவர்ணத்தின் கைக்குப் போயிற்று. நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைப் பக்கத்தில் நகர்த்தினார்கள். அவள் கூச்சத்தோடு தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "இந்தப் பரிசு எங்க வீட்டுக்காரராலதான் கெடச்சது. அவருக்கு நன்றி" என்றாள். மண்டபம் இன்னொரு தரம் கைதட்டியது. காளிதாஸ் எழுந்து நின்று நாலு திசைக்கும் கும்பிட்டார்.

நிவித்திகல பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரேடியோ பஞ்சவர்ணத்தின் மடியில். விண்ணப்பம் அவளுடைய கைப்பையில். காளிதாஸ் பாதி வழிவரை அந்த நன்றியைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தார். பிறகு அதில் ஏதோ கல் தட்டுப்பட்டது.

"ஏ புள்ள, நான் தண்ணின்னுதானே காட்டினேன்?"

"ஆமாங்க. நல்லா வெளங்கிச்சு."

"நீ கொழுப்புன்னுல எழுதின? அப்புறம் எதுக்கு எனக்கு நன்றி?"

"கொழுப்பா, தண்ணியான்னு எனக்கே ரொம்பச் சந்தேகமா இருந்துச்சுங்க" என்றாள் பஞ்சவர்ணம். "நல்லவேளை, நீங்க தண்ணின்னு காட்டினீங்க."